ஒன்று தசம் ஏழு பாகை

வாழைச்சேனை
11.02.2024

அன்பு நிலானி,

நீ சுகமாக இருப்பாய். இங்கே சுகம் என்று எழுதினால் நீயே சிரிப்பாய். உங்கள் ஆராய்ச்சிக் கப்பல் மட்டக்களப்புக்கு நேர் கிழக்கே நிற்கிறது என்று போன மெயிலில் எழுதியிருந்தாய். அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை.

என் சுதாகரன் மீன் பிடிக்க ஆழ்கடலுக்குப் போன ‘கண்ணகை’ படகு திரும்பாமல் பதினான்கு மாதம். கூடப் போன மூன்று பேரின் வீடுகளிலும் காரியம் முடித்துவிட்டார்கள். மாமி மட்டும் விடுகிறார் இல்லை. “அவன் வராம நான் சோத்துல கை வைக்க மாட்டன் புள்ள” என்று அம்மாள் கோயிலில் நேர்ந்துவிட்டார். தேத்தண்ணீரும் ரொட்டித் துண்டும்தான் சாப்பாடு. கிரான் ஊரில் ஒருத்தி குறி பார்த்து, மகன் பிறநாட்டுச் சிறையில் இருக்கிறான் என்றாளாம். அதற்குப் பிறகு கேட்கவே வேண்டாம். ஆள் எலும்பும் தோலுமாகிவிட்டார்.

சுதாகரன் இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் கடலுக்குள் இறக்கும் இயந்திரம் அடியில் படகைக் கண்டதாக ஒரு கடிதம் எழுது. நீலப் படகு, மஞ்சள் கோடு, பக்கத்தில் பெயர். மாமிக்கு வாசித்துக் காட்டினால் போதும்.

உன் வதனி

கப்பலிலிருந்து
15.02.2024

என் வதனிக்கு,

கடல் என்ன உங்கள் வீட்டுக் கிணறா, எட்டிப் பார்த்துச் சொல்ல? இயந்திரத்தைக் கேபிளில் மூன்று கிலோமீற்றர் இறக்குகிறோம். நான் மேலே திரைக்கு முன்னால் இருந்து ஓட்டுகிறேன். அதன் விளக்கு பத்து மீற்றருக்கு அப்பால் எட்டாது. அது தேடப் போகவில்லை. தண்ணீரின் வெப்பம், உப்பு, ஒட்சிசன் அளக்கப் போகிறது. போன மாதம் வெப்பம் அளக்கும் கருவி ஒரு பாகையில் ஆயிரத்தில் நாலு பங்கு பிழை காட்டியது. ஒரு கிழமை அளந்த கணக்கை அப்படியே எறிந்துவிட்டோம். இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு காணாத படகைக் கண்டேன் என்று எழுத எனக்குக் கை வராது.

மாமியை டொக்டரிடம் கூட்டிப் போ. கோபிக்காதே.

அன்புடன்
நிலானி

வாழைச்சேனை
19.02.2024

நிலானி,

கோபம்தான். பத்தாம் வகுப்புச் சோதனையில் எனக்குக் கணக்கு விடை காட்டியவள் நீ. அப்போது எங்கே போயிருந்தது இந்த நேர்மை?

டொக்டரிடம் கூட்டிப் போனேன். சேலைன் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நேற்று கிணற்றடியில் விழுந்துவிட்டார். இந்த மாதம் தாங்க மாட்டார். உன் ஆயிரத்தில் நாலு பெரிதா, இந்த மனுசியின் உயிர் பெரிதா?

வதனி

கப்பலிலிருந்து
26.02.2024

அன்புள்ள வதனி,

இது மாமிக்கும் சேர்த்து எழுதுவது.

இன்று காலை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் மீற்றர் ஆழத்தில் ஒரு படகைக் கண்டோம். நீலம், மஞ்சள் கோடு. பெயரில் ‘கண்ண’ வரை வாசிக்க முடிந்தது. அங்கே தண்ணீரின் வெப்பம் ஒன்று தசம் ஏழு பாகை. அலை எட்டாத இடம், நீரோட்டமும் மெல்லியது. படகு சேற்றில் அசையாமல் நிமிர்ந்து இருக்கிறது. ஆட்கள் யாரும் தெரியவில்லை.

மாமி, இனிச் சாப்பிடுங்கள்.

நிலானி

வாழைச்சேனை
05.03.2024

நிலானி,

மாமிக்கு வாசித்தேன். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். எழும்பிப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தார். “என்ட புள்ள ஒரு இடத்தில இருக்கான்” என்றார். நாலு பிடி சோறு தின்றார். ஞாயிற்றுக்கிழமை காரியம். இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆனால் படகின் நிறமும் பெயரும்தான் நான் சொல்லித் தந்தது. அந்தக் குளிரை நான் கேட்கவில்லையே. மீன்வாடியில் ஐஸ் பெட்டித் தண்ணீருக்குள் கையை வைத்துப் பார்த்தேன். அறுபது எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். சுதாகரனுக்குக் குளிர் ஆகாது. மாரி காலத்தில் பகலிலும் போர்த்திக்கொண்டு கிடப்பார். இப்போது வீட்டுக்குள் நடக்கிறேன், வாசல் படலை வரை போகிறேன், திரும்பி வந்து உன் கடிதத்தை எடுக்கிறேன். பொய்க்கு யாராவது தசம் போட்டு எழுதுவார்களா?

மாமிக்காக என்றுதான் கேட்டேன். சுதாகரன் இல்லை என்று எனக்குத் தெரியும் என்றும் எழுதினேன். தெரியாது நிலானி. நானும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

நான் சொன்ன பொய்யைத்தானே எழுதினாய்? இல்லை, உண்மையாகவே கண்டாயா? ஞாயிற்றுக்கு முன் ஒரு வரி எழுது.

வதனி