தீவு வீட்டுக்கு விலக்கு

என்னங்க,

முதலில் இதைப் படியுங்கள்: நம் வீட்டு கரண்டை வெட்டப் போவதில்லை. மாமாவின் மூச்சுக் கருவி நிற்காது.

மின்சாரச் சிக்கன விதிப்படி கேட்ட இரட்டைக் கண்ணாடி ஜன்னல் மறுபடியும் படகிலேயே நொறுங்கிவிட்டது. அது இல்லாவிட்டால் கரண்ட் கட் என்று சோதிக்க வந்த அதிகாரியம்மாவிடம், வாசலிலேயே உடைந்த துண்டுகளைக் காட்டினேன். வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தவர், "ஃபேன்கூட ஓடலை, எப்படி இவ்வளவு குளுகுளுன்னு இருக்கு?" என்றார்.

"கடல்காத்துக்கு பில்லு வராதும்மா," என்றார் மாமா.

அந்த அம்மா உள்ளேயும் வெளியேயும் சூட்டை அளந்துவிட்டு, "தீவுக்கு விலக்கு கேக்கலாமே, நானே எழுதறேன்," என்றார். இன்று அனுமதி வந்துவிட்டது.

நீங்கள் இருக்கும் ஊரில் எங்களுக்காகப் பார்த்த வீட்டை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். நேற்றுவரை "செத்தாலும் இந்த வீட்லதான்" என்று முறைத்த மாமா, இன்று "வாழ்ந்தாலும் இந்த வீட்லதான்" என்று சிரிக்கிறார்.

எப்போது வருகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, மாமாதான் கேட்கிறார்.

உங்கள் வீட்டுக்காரி