மூத்த மகளின் அறை

குட்டிம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். தொடரை அடுத்த ஆண்டும் ஓட்டலாம் என்று சேனலில் சொல்லிவிட்டார்கள்.

அதில் மூத்த மகளாக நடித்த பெண், நீ கோபித்துக்கொண்டு போன அதே மாதம்தான் விலகினாள். "லாரியில அடிபட்டுச் செத்துட்டான்னு முடிச்சிடுங்க மேடம், ரேட்டிங் பிச்சுக்கும்" என்றார் சேனல்காரர். செத்தவள் எப்படித் திரும்பி வருவாள்? வெளியூரில் வேலை என்று எழுதி அனுப்பிவைத்தேன். அவள் அறையாகப் போட்டிருந்த செட்டையும் பிரிக்க விடவில்லை. "எழுதுறதும் நீங்க, தயாரிக்கிறதும் நீங்க. நீங்க பிடிச்ச முயலுக்கு மூணு கால்தான்!" என்று இயக்குநர் அலுத்துக்கொண்டார்.

போன வாரம் அந்தப் பெண் போன் செய்தாள். "மேடம், திரும்ப வரலாமா? கதையில எனக்கு இன்னும் இடம் இருக்கா?"

"வேலைக்குத்தானே போயிருக்கே? லீவு கிடைச்சுதுன்னு வந்துடு."

இன்று அந்தக் காட்சியை எடுத்தோம். கதவைத் திறக்கும் அம்மா, "ஏன்டி போனே?" என்று கேட்பதாக உதவியாளர் எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, "செருப்ப உள்ள விடு, மழை வர்ற மாதிரி இருக்கு" என்று மாற்றினேன். ஒரே டேக்கில் முடிந்தது.

வீட்டில், உன் அறையில் என் தையல் மெஷினைப் போட்டிருக்கிறேன். நகர்த்துவது பெரிய வேலையில்லை.

அம்மா