இடது பக்கத்து மோட்டார்

செஞ்சி,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் கலைமதிக்கு நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நலம். அங்கே நீ நலமா என்று கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவதுதான் வழக்கம், இந்தத் தடவை அந்தக் கேள்வியை விட்டு என்னால் நகர முடியவில்லை. கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை திரும்பத் திரும்ப உனக்குப் போன் போட்டேன் இல்லையா, ஒவ்வொரு தடவையும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு முருங்கை காய்த்தது, கோட்டையிலிருந்து குரங்கு இறங்கி வந்து தண்ணீர்த் தொட்டி மூடியைத் தூக்கிப் போட்டது என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். இன்னா நைனா இன்னைக்கி இவ்ளோ பாசம் என்று நீ கேட்டாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், பின்னால் உங்கள் ஆட்கள் சிரிக்கிற சத்தமும் கேட்டது. அத்தனை பேர் காதில் விழும்படி சொல்லக்கூடிய சங்கதி இல்லை இது. பக்கத்துக் கடை வசீம் நாளைக்கு வளையல் சரக்கு எடுக்க ஐதராபாத் கிளம்புகிறான், கவரை ஒட்டி அவனிடம் கொடுத்து உன் கையில்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லப் போகிறேன். தனியாக உட்கார்ந்து படி. நடுவில் கோபம் வந்தாலும் கீழே வைத்துவிடாதே.

ஊரில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. மார்க்கெட் கமிட்டிக்கு நெல் வரத்து ஆரம்பித்துவிட்டது, திண்டிவனம் ரோட்டில் வண்டி நகர மாட்டேன் என்கிறது. கடையில் வேலைக்குக் குறைவில்லை, வோல்டேஜ் ஏறி இறங்கி அனந்தபுரம் பக்கத்திலிருந்து மட்டும் தினம் ஒரு போர் மோட்டாராவது கருகி வருகிறது, நானும் காயில் கட்டிக் கட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். உன் அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்குது, தைலம் வேண்டாம் டாக்டரிடம் போ என்றால் என் பேச்சை எப்போது கேட்டாள். பொங்கலுக்கு நீ வரவில்லை என்று அவளுக்கு வருத்தம், எனக்கும்தான். ஆனால் ஒரு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடாததற்குக் காரணம் பொங்கல் இல்லை. சுற்றி வளைக்காமல் வருகிறேன்.

நீ போட்டுக்கொண்டு பறக்கிற அந்த அதிர்வுச் சட்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன். தீபாவளிக்கு வந்தபோது நீ விளக்கினது முழுக்க ஞாபகம் இருக்குது. காய்ந்த மண்ணில் ஹெலிகாப்டர் இறங்கும்போது விசிறி கிளப்புகிற தூசியில் ஓட்டுகிறவருக்கு ஒன்றுமே தெரியாது, இடது பக்கம் நழுவுகிறதா பின்னால் போகிறதா என்று கண்ணும் சொல்லாது காதும் சொல்லாது, அதனால் ரவிக்கை மாதிரி இறுக்கமான ஒரு சட்டையில் இடுப்பைச் சுற்றிலும் முதுகிலும் செல்போனில் இருக்கிற மாதிரி குட்டி குட்டி மோட்டார் வைத்திருக்கிறார்கள், வண்டி எந்தப் பக்கம் தவறுகிறதோ அந்தப் பக்கத்து மோட்டார் உடம்பில் துடிக்கும் என்றாய். வாழ்நாள் முழுக்க மோட்டாரோடு மாரடிக்கிற எனக்கு அதைக் கேட்கவே பெருமையாக இருந்தது. உன் அம்மாதான் பயந்தாள். தோலு சொல்றத நம்புன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாங்கம்மா என்று அவள் கன்னத்தைக் கிள்ளினாய்.

கார்த்திகை மாதம் நீ போனில் சொன்னாய், பின்பக்கம் இடது ஓரத்து மோட்டார் மட்டும் வேலை செய்ய மாட்டேங்குது நைனா என்று. எனக்குக் குஷி வந்துவிட்டது, மகள் நம்மிடம் யோசனை கேட்கிறாளே என்று. இடதில் இருக்கிறதைக் கழற்றி வலதில் போடு, வலதில் இருக்கிறதை இடதில் போடு என்றேன், கடையில் நாங்கள் முதலில் செய்கிற காரியம் அதுதான். செய்து பார்த்தீர்கள். இடதில் ஊமையாக இருந்த மோட்டார் வலதுக்குப் போனதும் துடித்தது, வலதில் துடித்த மோட்டார் இடதுக்கு வந்ததும் ஊமையானது. அப்படியானால் ஒயர் என்றேன், ஒயரை மாற்றினார்கள். பிறகு சட்டையையே மாற்றினார்கள். மேசைமேல் வைத்துக் கையால் தொட்டால் துடிக்கிறது, நீ போட்டுக்கொண்டால் இல்லை. உன்னோடு பறக்கிற அந்த வளவன் போட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்றார், அவருக்கு முதுகு அகலம் நைனா அதான் ஒட்டுது எனக்கு ஒட்டல என்றாய். அப்போது வாரை நல்லா இறுக்கு என்று நானும்தான் சொன்னேன். அதற்கும் சரிப்படாமல் அந்த ஒரு மோட்டாருக்கு மட்டும் வேகத்தை ஏற்றிவிட்டார்கள், இப்ப கொஞ்சம் தள்ளி லேசா தெரியுது நைனா போதும் என்று நீ சொன்னதும் நானும் சரி என்று விட்டுவிட்டேன். உங்கள் பயிற்சி ரூமில் இருக்கிற அந்தப் பொய் ஹெலிகாப்டரில் இடது பக்கமாகப் பின்னால் நழுவி விழுந்து விழுந்து எழுந்தேன் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, அன்றைக்கு எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

போன வாரம் உன்னோடு தங்கியிருக்கிற அனு உன் அம்மாவிடம் வீடியோ காலில் சொன்னது உனக்குத் தெரியுமோ என்னவோ. ஆன்ட்டி உங்க பொண்ணுக்கு சொரணையே இல்ல, முதுகுல மோட்டார் அழுத்தி அழுத்திக் கொப்புளம் வந்து உடைஞ்சி சட்டையெல்லாம் ரத்தம், நான் சொல்ற வரைக்கும் அவளுக்கே தெரியல என்றாளாம். அந்தப் பெண் விளையாட்டாகத்தான் சொன்னது. அம்மாவும் மருந்து போடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மறுநாள் சுகாதார நிலையத்து நர்ஸ் சாமுண்டீஸ்வரி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு நம் தெருவுக்கு வந்தாள், வீட்டில் யாருக்காவது வெளிறின தேமல், உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கிறதா என்று. உன் அம்மாவுக்குக் கோபம், எங்க வூட்ல அதெல்லாம் ஒண்ணும் கெடையாது என்று கதவைச் சாத்திவிட்டாள். நான் மத்தியானம் சாப்பிட வந்தபோது அடுப்புப் பற்றவைக்கவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டதற்கு மெதுவாகச் சொன்னாள்.

தீபாவளி விடியற்காலை உனக்கு எண்ணெய் தேய்த்தாள் இல்லையா, ஓமமும் மிளகும் போட்டுக் காய்ச்சி அவசரத்தில் ஆறவிடாமலேயே கொண்டு வந்துவிட்டாளாம். தோளில் பட்டதும் நீ கத்தின கத்து எனக்கே வாசல் வரைக்கும் கேட்டது. அப்புறம் முதுகில் ஊற்றினபோது ஒரு இடத்தில் தோல் கொஞ்சம் வெளுத்திருந்ததாம், தேமல் என்று நினைத்து அங்கே இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்த்தாளாம். சூடு தாங்காம நானே வெரல ஒதறினேன், அவ போனைப் பாத்துக்கினே இருந்தா, அசையக்கூட இல்ல என்றாள். அன்றைக்கு அதை நீ வளர்ந்துவிட்டாய், பொறுமை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாளாம்.

கண்ணு, உங்கள் இன்ஜினியர்களை நான் குறை சொல்லவில்லை. மோட்டாரில் கோளாறு என்றால் மோட்டாரில் தேடுவதுதான் அவர்கள் வேலை, நானும் அங்கேதான் தேடினேன். ஆனால் ஒரு கிணற்றில் ஓடாத மோட்டார் இன்னொரு கிணற்றில் ஓடினால், ஓடுகிற மோட்டார் அந்தக் கிணற்றுக்கு வந்ததும் நின்றால், நான் மோட்டாரைப் பிரிக்க மாட்டேன், கிணற்றைப் பார்க்கத்தான் போவேன். உன் விஷயத்தில் எனக்கு அது இவ்வளவு நாள் புத்தியில் ஏறவில்லை. புரிந்ததிலிருந்து நீ சொன்ன இன்னொரு பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. எதுவும் துடிக்காம இருந்தா எல்லாம் சரியா இருக்குதுன்னு அர்த்தம் நைனா, அப்ப தைரியமா எறங்கலாம் என்றாய். நிஜ வண்டியின் ஆட்டத்தில் அந்த லேசான துடிப்பும் தெரியாது, வண்டி அந்தப் பக்கம் எவ்வளவு சரிந்தாலும் உன் முதுகு சும்மாதான் இருக்கும் கண்ணு. எல்லாம் சரி எல்லாம் சரி என்றுதான் உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். வருகிற வியாழக்கிழமை ரூமில் இல்லை, நிஜ ஏரிப் படுகையில், நிஜத் தூசியில் இறங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். பக்கத்தில் வளவன் இருக்கிறாரே என்று அம்மா கேட்டதற்கு, தரைக்கு கிட்ட வந்துட்டா அவருக்கும் தூசிதாம்மா தெரியும் என்றும் நீதான் சொன்னாய்.

நான் யாருக்கும் சொல்லாமல் சாமுண்டீஸ்வரியைப் போய்ப் பார்த்தேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை, அந்த மட்டும் நல்ல பெண். அந்த நோயின் பெயர் தொழுநோய். எழுதிவிட்டேன், போனில் என் வாயில் வராமல் போன வார்த்தை அதுதான். நம் ஊரில் அந்தப் பெயருக்கு எவ்வளவு பயப்படுவார்கள் என்று உனக்குத் தெரியும், உன் அம்மா கதவைச் சாத்தினதும் அதனால்தான். ஆனால் இப்போது அது மாத்திரையில் சரியாகிற நோய் என்றாள், கவர்மெண்டே இலவசமாகக் கொடுக்கிறதாம், மாத்திரை போட ஆரம்பித்துவிட்டால் கூட இருப்பவர்களுக்குப் பரவாதாம். உணர்ச்சி திரும்ப வருமா என்று கேட்டேன். சில பேருக்கு வரும் சில பேருக்கு வராது, விட்டுவிட்டால் நரம்பு கெட்டுக் கை காலுக்குப் போகும், சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்றாள். உனக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை, தேமலெல்லாம் அது இல்லை என்று அவளே சொன்னாள், டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முதலில் வீட்டிலேயே பார்க்கிற வழி ஒன்று காட்டினாள். என் கண்ணை மூடச் சொல்லி முன்கையில் பேனா முனையால் லேசாகத் தொட்டாள், தொட்ட இடத்தை நான் விரல் வைத்துக் காட்ட வேண்டும். அனுவை விட்டு உன் முதுகில் அப்படிச் செய்யச் சொல். அவள் நல்ல பெண், சிரிக்க மாட்டாள். தொட்ட இடத்தையெல்லாம் நீ சரியாகக் காட்டிவிட்டால் எனக்குப் போன் போட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கிழவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சொல், வசீமிடம் காட்டிச் சிரி, எனக்கு அதைவிட வேறு சந்தோஷம் இல்லை. காட்ட முடியாவிட்டால் மறைக்காதே. லைசென்ஸ் போய்விடும், இத்தனை வருஷம் பட்ட பாடு வீண் என்று உனக்குத் தோன்றும். கொஞ்ச காலம் பறக்க விடமாட்டார்களோ என்னவோ, அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ தரையில் நிற்பதைப் பார்த்துப் பழகிக்கொள்ள எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, கொப்புளம் வந்த இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள், அனுவையும் கேட்டதாகச் சொல். நீ எந்த உயரத்தில் இருந்தாலும் எங்கள் ஆசீர்வாதம் உன்னோடு இருக்கிறது, நீண்ட ஆயுளோடு நல்லா இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம்.

இதுவரை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடப் போனேன், மனசு கேட்கவில்லை. வெளுத்திருந்தது முதுகில் எந்த இடம் என்று நான் அம்மாவிடம் இதுவரை கேட்கவே இல்லை, கேட்கப் பயம். இடம் வேறாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று ஒரு ஆசை. அவளைக் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றேன், எங்கே என்று என் முதுகில் காட்டச் சொன்னேன். எந்தப் பக்கத்து மோட்டார் ஊமை என்பது அவளுக்குத் தெரியாது, இடது வலது என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, இடது பக்கம் பின்னால் ஓரமாக விரலை வைத்தாள்.

வியாழக்கிழமை அந்தச் சட்டையைப் போடாதே கண்ணு.

உன் நைனா,
ராஜாங்கம்