பந்தியில் கேட்ட குரல்

ஜூலை 6, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சைனைட் மேட்டுத் தூசி அடங்கியது, அந்த மட்டும் லாபம். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு செல்விக்குப் பேச்சு இல்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. திட்டப் பெண்டாட்டி இருந்தும் திட்டு இல்லாத வீடு. தாங்கவில்லை.

பெங்களூரிலிருந்து மகள் கவிதா போன். அம்மா குரல் எதிலாவது இருக்கிறதா என்று கேட்டாள். பழைய போன் தொலைந்ததோடு எல்லாம் போச்சு. பீரோவில் கவிதாவின் காதுகுத்து விசிடி மட்டும், இரண்டு.

ஜூலை 7, திங்கள்
லீவு. டிஸ்க்கில் இருப்பது பழைய டாட் (.dat) வகை வீடியோ ஃபைல். டிவி மாட்டேன் என்கிறது, போனும் அதே கதை. எம்பி4 ஆக மாற்றினால் எல்லாவற்றிலும் ஓடுமாம். பங்காருபேட்டை நண்பரிடம் டிஸ்க் டிரைவ் இரவல்.
வாங்க: பால், செல்விக்கு மாத்திரை, பென் டிரைவ்.

ஜூலை 8, செவ்வாய்
முதல் டிஸ்க் மாறிவிட்டது. படம் பளிச். ஆனால் முழுக்கப் பாட்டு! தாய்மாமன் மடியில் கவிதா வாய் பிளந்து அழுகிறாள், கேட்பதோ சினிமா டூயட். பேச்சுச் சத்தமே வேண்டாம், இடைவெளி விடாமல் பாட்டுப் போடுங்கள் என்று ஸ்டூடியோவில் கண்டிஷன் போட்டது செல்வியேதான். ஞாபகம் வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜூலை 9, புதன்
இரண்டாவது டிஸ்க்கில் கீறல். பாதியில் நிற்கிறது. துடைத்துப் போட்டேன், மறுபடி நின்றது. கரண்ட் வேறு கட். சனியன்.

ஜூலை 10, வியாழன்
அப்பாடா. மாறிவிட்டது. இதிலும் பாட்டுதான், பந்தி வரும்வரை. சாப்பிடுகிறவர்களுக்கு எதற்குப் பாட்டு என்று ஸ்டூடியோக்காரர் விட்டுவிட்டார் போல. வாளிச் சத்தம், சளசள. அதற்கு மேலே செல்வி:

"மாமா, கேமராக்காரர் பின்னால இன்னா சுத்திக்கினு கீறீங்க? கடைசி எலைக்கு ரசம் போவல பாருங்க!"

என் செல்வியின் குரல். மாமா என்றது என்னைத்தான். அதே அதட்டல். ஐயோ, எவ்வளவு நாளாச்சு. செல்வி ரிமோட்டைப் பிடுங்கித் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். கவிதாவுக்குப் போன் போட்டு டிவி பக்கம் நீட்டினாள்.

கவிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள், "அப்பறம் அப்பா ரசம் போட்டாராம்மா?"

செல்வி என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். போடவில்லையாம் என்று நான்தான் போனில் சொன்னேன்.