ஓடுபாதையில் ஒரு மறியல்

இன்று சங்கராபுரம் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வந்து உட்கார்ந்தாள். முழங்காலில் கட்டு, தைல வாடை குப்பென்று அடித்தது. "போட்டி எப்பம்மா?" என்றேன். "நாளைக்குங்க" என்றாள். நீ இருந்திருந்தால் பேருந்திலேயே அவளோடு சண்டைக்கு நின்றிருப்பாய்.

நாம் பள்ளியில் படித்தபோது, இட ஒதுக்கீடு கேட்டு நம் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்ததே, அந்த வருடம். புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். பேருந்து இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. போலீஸ் வருமோ என்று பெரியவர்கள் பயந்து கிடக்க, நமக்கோ காலியான தார்ச்சாலை கிடைத்த குஷி. நீளம் தாண்டுவதில் நீ மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாய். மணல் குழிக்குப் போவானேன் என்று, விழுந்து கிடந்த மரத்தையே தாண்டிப் பழகினாய். வெறுங்கால், கீழே தார். "எகிறுடா!" என்று எல்லாரும் கத்தினோம்.

ஒரு காலையில் குதித்தவன் எழவில்லை. உன் அப்பா ஓடி வந்தார். "ஒண்ணுமில்ல, சுளுக்குதான்" என்று விளக்கெண்ணெயைக் காய்ச்சித் தடவி, காலை இழுத்து உருவினார். ஐயோ, நீ போட்ட அலறல்! பாவம், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வழியும் இல்லை. மறியல் ஓய்ந்து, வலி கொஞ்சம் கம்மியானதும் போட்டிக்குப் போய்க் குதித்தாய். அதோடு சரி. ஆயுசுக்கும் காலை இழுத்துக்கொண்டுதான் நடந்தாய்.

பிறகு சைக்கிள் கடை வைத்தாய். மாலையானால் கடையைச் சாத்திவிட்டு, மண்வெட்டியோடு பள்ளி மைதானத்துக்குக் கிளம்பிவிடுவாய். குழி மணலைக் கொத்திப் புரட்டிக் கல் பொறுக்குவாய். "ஒடம்பு சூடேறட்டும், அப்புறம் குதிங்க" என்று பிள்ளைகளை விரட்டுவாய்.

என் மகள் நொண்டிக்கொண்டே போட்டிக்கு நின்ற நாளில், ஓடுபாதையின் குறுக்கே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாய்.

"நகருங்க மாமா!"

"முட்டி வீங்கிக்கினு இருக்குது. டாக்டர் பாக்கட்டும், அப்புறம் ஓடு."

"உங்க காலு போச்சின்னு என்னையும் கெடுக்கிறீங்களா?"

எனக்கு உயிரே போய்விட்டது. நீ அசையவில்லை. "ஆமாம்மா, போச்சி. அதனாலதான் சொல்றேன்" என்றாய்.

ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, ஓடியிருந்தால் முழுசும் போயிருக்கும் என்றார் டாக்டர். கால் ஆறி அவள் மறுபடியும் குதித்தாள். ஆனால் வெட்கத்தில் உன்னிடம் பேசவேயில்லை. உன் கடையைத் தலைகுனிந்தே கடந்தாள். திட்டப் போன என்னை, "கொழந்தடா, வுடு" என்று அடக்கினாய்.

போன மாதம் உன்னை எடுத்துப் போனபோது பெண்கள் தெருமுனையில் நின்றுவிட்டார்கள். என் மகள் நிற்கவில்லை. "பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு இன்னாத்துக்கு வருது?" என்றார் ஒருவர். அவள் காதில் வாங்கவில்லை. பாடைக்குத் தோள் கொடுத்தாள். கரடுமுரடான பாதை. அவ்வளவு தூரமும் நொண்டாமல் நடந்தாள்டா.

அந்த நடையைத்தான் மனதில் வைத்துக்கொண்டு திரிகிறேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.