தார்ப்பாய்க்கு அடியில்

வியாழன், இரவு.

காலையில் ஒரு சின்ன மேகத்தைப் பார்த்துவிட்டு, காயப்போட்ட நெத்திலியைத் தார்ப்பாயால் மூடினேன். பக்கத்து வீட்டு பவானி, "மழ வராதுக்கா, இன்னாத்துக்கு மூடற?" என்று கேட்டாள். நான் கேட்கவில்லை. மழை வரவேயில்லை. வெயில் சூட்டில் மீன் உள்ளேயே வெந்து நாறிவிட்டது.

வீட்டுக்காரரின் ஸ்கேன் ரிப்போர்ட் திங்கட்கிழமைதான் வரும். வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியும், நான்தான் பயந்து நாலு நாளாக அவரைப் படகேற விடவில்லை. நாறிய மீனைக் குழியில் கொட்டும்போது பக்கத்தில் வந்து நின்றார். "நானும் நாலு நாளா உள்ளதான் கீறேன்" என்றார். சிரிக்கவில்லை.

ரிப்போர்ட் மோசமாக இருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

நாளைக்குத் தார்ப்பாயை மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். கைக்கு எட்டினால் போதும். விடியற்காலை நாலு மணிக்கு அவரைக் கடலுக்குப் போக எழுப்ப வேண்டும்.