இடது ஓரத்து சிக்னல்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

இன்று ஸ்ரீரங்கத்தில் மானம் போனது.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் செட் கூடுகிற நாள். பேங்க்கில் ரிட்டயர் ஆன ஸ்ரீரங்கராஜன் சார் வீடு, உத்திர வீதி. ஹாலில் சுவர் நிறைய டிவி. அதில் இங்கிலாந்து ரயில்வேயின் பழைய போட்டோ ஒன்றைப் போடுவார், எந்த வருஷம் எடுத்தது என்று நாங்கள் சொல்ல வேண்டும். எஞ்சின், விளக்கு, விளம்பரப் பலகை, பொம்பளைகள் போட்டிருக்கிற தொப்பி என்று எதையாவது பிடித்துக்கொண்டு சண்டை போடுவோம். மற்ற நாளில் அதே சண்டை வாட்ஸப் குரூப்பில் நடக்கும். மொத்தம் எட்டு பேர். அதில் நிஜமாகவே ரயில் ஓட்டுகிறவன் நான் ஒருத்தன்தான், அதனால் என் பேச்சுக்குத் தனி மரியாதை. இருந்தது.

இன்றைய படம், மழை விட்ட சின்ன ஸ்டேஷன், நடுவில் கரி எஞ்சின். நான் வழக்கம்போல முன் சேர். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினஞ்சுக்கு முன்னாடி. எழுதியே கொடுக்கறேன்" என்றேன்.

ஹாலே சிரித்தது. பாலக்கரையில் போட்டோக் கடை வைத்திருக்கிற முஜிபுர் ரஹ்மான்தான் முதலில் ஆரம்பித்தார். "என்ன பைலட் சார், இடது ஓரத்துல அவ்ளோ பெரிய சிக்னல் நிக்குது, கை மேல தூக்கியிருக்கு பாருங்க. அந்தக் காலத்து சிக்னல்னா கை கீழதான எறங்கும்? மேல தூக்கற மாடல் பின்னாடி வந்ததுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே!"

ஸ்ரீரங்கராஜன் சார் விடுவாரா? "லோகோ பைலட்டே சிக்னலைக் கோட்டை விட்டா நாங்கள்லாம் யாரை நம்பி ரயில் ஏறறது ஓய்?"

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் எனக்கு அங்கே சிக்னல் எதுவும் தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து காலை வாருகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

3 பிப்ரவரி

குரூப்பில் வந்த படத்தை போனில் பார்த்தேன். சிக்னல் இருக்கிறது. கையை மேலே தூக்கிக்கொண்டு, பளிச்சென்று. அப்போ நேத்து எங்க போயிருந்துது?

5 பிப்ரவரி, புதன்

விழுப்புரம் டியூட்டி. அசிஸ்டன்ட் சுபஸ்ரீ. தொட்டியத்துப் பெண், வீட்டில் ரெண்டு வயசுக் குழந்தை. ஒரு வருஷமாகப் பெரும்பாலும் என்னோடுதான் போடுகிறார்கள்.

கேபினில் ஒவ்வொரு சிக்னலையும் நாங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் கையை நீட்டி "ஹோம், பச்சை" என்பார். ஹோம் என்பது ஸ்டேஷனுக்குள் நுழையும் முன் நிற்கிற சிக்னல். மற்றவரும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்வார். இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

இன்று கவனித்தேன். பொன்மலை தாண்டி, டவுன், ஸ்ரீரங்கம், கொள்ளிடம் பாலம், லால்குடி, அரியலூர் வரைக்கும் எல்லாவற்றையும் அவள்தான் முதலில் சொன்னாள். எல்லாவற்றையும். நான் திருப்பிச் சொன்னேன்.

நான் பார்த்துவிட்டுச் சொன்னேனா, கேட்டுவிட்டுச் சொன்னேனா?

7 பிப்ரவரி

பெண்டாட்டி சகாயராணி மார்க்கெட் போன நேரம் பார்த்து அந்தப் படத்தை எங்கள் வீட்டு டிவியில் போட்டேன். நாற்காலியை டிவிக்கு முன்னால் ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, எஞ்சினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணை அசைக்கவில்லை. சிக்னல் இல்லை. கண்ணை இடது பக்கம் திருப்பினேன். இருக்கிறது. திரும்ப எஞ்சினைப் பார்த்தேன். இல்லை.

கறுப்பாக ஒன்றும் தெரியவில்லை. ஓட்டை மாதிரியும் இல்லை. அந்த இடத்தில் வானம் இருக்கிறது! மேகத்தோடு ஒழுங்கான வானம். என் மண்டையே இல்லாததை வரைந்து காட்டுகிறது.

போனில் தெரிந்ததற்குக் காரணம் இப்போது புரிகிறது. சின்னப் படம், நடுப்பார்வையிலேயே அடங்கிவிட்டது.

அவள் வந்து என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டதும் டிவியை அணைத்துவிட்டேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போனேன். ஜெபம் வரவில்லை. அடுத்த ரயில்வே மெடிக்கல் டெஸ்ட் ஆகஸ்டில்தான், ஆகஸ்டில்தான் என்றே ஓடிக்கொண்டிருந்தது. கண் போர்டில் கடைசி வரி வரைக்கும் இன்றைக்கும் வாசிப்பேன். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

11 பிப்ரவரி

முஜிபுர் பாய் இன்று குரூப்பில் ஒரு விபத்துப் படம் போட்டார். இங்கிலாந்தில் எங்கேயோ, மரப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஓரமாகத் தொப்பி போட்ட ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். டிரைவர் சிக்னலைத் தாண்டி வந்துவிட்டாராம். விசாரணையில் "சிக்னல் இறங்கி வழி விட்டிருந்தது, என் கண்ணால் பார்த்தேன்" என்று கடைசி வரைக்கும் சொன்னாராம். எந்த ஊர், எந்த வருஷம், எஞ்சின் என்ன வகை என்று குரூப்பில் மத்தியானம் வரை அலசல். ஒருத்தர் எழுதியிருந்தார்: மாட்டினவன் பொய் சொல்லாமல் என்ன செய்வான்.

அந்த ஆள் பொய் சொல்லியிருக்க மாட்டான். எனக்கு வானம் தெரிஞ்ச மாதிரி அவனுக்கு சிக்னல் தெரிஞ்சிருக்கும். சத்தியம் பண்ணியிருப்பான் பாவி.

'பைலட் சார் ஏன் சைலண்ட்?' என்று ஸ்ரீரங்கராஜன் சார் கேட்டிருந்தார். டியூட்டி என்று பதில் போட்டேன். டியூட்டி இல்லை. கட்டிலில் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கி நாலு நாள் ஆகிறது.

14 பிப்ரவரி, வெள்ளி

ஆண்டவரே.

லால்குடி தாண்டி வளைவு. நூற்றுப் பத்தில் போகிறது வண்டி. சுபஸ்ரீ கத்தினாள், "சார்! லெஃப்ட்ல ஆளு சார்!" நான் எங்கே என்று தேடுவதற்குள் அவள் பக்கத்து ஹார்னை அழுத்திப் பிடித்துவிட்டாள். அப்புறம்தான் பார்த்தேன் — ஆரஞ்சு சட்டை, முதுகைக் காட்டிக்கொண்டு, தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். தண்டவாளம் பார்க்கிற டிராக்மேன். ஒரே தாவல். வண்டி கடந்துவிட்டது. அவர் ஜல்லியில் உட்கார்ந்துவிட்டதைத் தலையை நீட்டிப் பார்த்தேன். கையை ஆட்டினார். உசிரோடதான் இருக்கார்.

ஆரஞ்சு சட்டைங்க. கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. நான் பார்த்தப்ப அங்க வெறும் புல்லுதான் இருந்துச்சு.

விழுப்புரம் வரைக்கும் சுபஸ்ரீ சிக்னலைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

15 பிப்ரவரி

"என்னங்க நீங்க, இந்த வாரத்துல மூணு தடவை என்னை இடிச்சிட்டீங்க. பொண்டாட்டி நிக்கறதுகூடவா தெரியல?" என்றாள் சகாயராணி. கேலியாகத்தான் கேட்டாள். நான் எரிந்து விழுந்தேன். "வழியில நின்னா இடிக்கத்தான் செய்வாங்க!" பாவம், முகம் சுண்டிப்போய் அடுப்படிக்குப் போய்விட்டாள். இடது பக்கம்தான் நின்றிருக்கிறாள், மூன்று தடவையும்.

18 பிப்ரவரி, செவ்வாய்

தில்லைநகரில் ஒரு கண் டாக்டர். வீட்டில் சொல்லாமல் போனேன்.

சொட்டு விட்டு, அழுத்தம் பார்த்து, பிறகு ஒரு இருட்டு ரூமுக்கு அனுப்பினார்கள். பஸீலா என்று ஒரு பெண், டெஸ்ட் எடுப்பவர். கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து நடுவில் இருக்கிற புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றி எங்கேயாவது விளக்கு மினுக்கினால் கையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

விளக்கு வந்தது, அழுத்தினேன். வந்தது, அழுத்தினேன். அப்புறம் ஒன்றுமே இல்லை. மெஷின் மட்டும் டக், டக் என்று சத்தம் போடுகிறது. ஒவ்வொரு டக்குக்கும் எங்கேயோ ஒரு விளக்கு எரிந்து அணைகிறது, நான் அதைப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம்! என்ன செய்தேன் தெரியுமா? சத்தத்தைக் கேட்டு அழுத்த ஆரம்பித்தேன். டக், அழுத்து. டக், அழுத்து.

பஸீலா நிறுத்திவிட்டார். "சார், வெளக்கு வராதப்பவும் அழுத்தறீங்க. மெஷின் காட்டிக் குடுத்துரும். தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க, தெரியலன்னா தப்பில்ல. திருப்பி எடுக்கலாமா?"

ஐம்பத்தொரு வயசு எருமை, ஸ்கூல் பையன் மாதிரி காப்பியடித்து மாட்டிக்கொண்டேன். சுபஸ்ரீ சொன்னதைக் கேட்டுக்கேட்டு நான் கேபினில் செய்துகொண்டிருந்ததும் இதுதானே? திருப்பி எடுத்தேன். இந்தத் தடவை ஒழுங்காக.

க்ளாக்கோமாவாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், வலிக்காது. ரெண்டு கண்ணிலும் இருக்கிறது, இடது ரொம்ப மோசம். போனது போனதுதான், திரும்ப வராது. இருக்கிறதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் பாய்லர் ஷாப்பில் வேலை பார்த்த என் அப்பா கடைசி காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்தார். வயசு என்று விட்டுவிட்டோம்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆபீஸ்ல சார்."

"நல்லது. பைக் ஓட்டறத மட்டும் விட்டுருங்க."

19 பிப்ரவரி

சொன்னால் எஞ்சின் போச்சு. எங்கேயாவது மேஜையில் உட்கார வைப்பார்கள். சொல்லாவிட்டால் ஆகஸ்ட் வரை ஓட்டலாம். சொட்டு மருந்து விட்டால் மோசமாகாது என்கிறார்களே? தலையை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி உட்கார்ந்தால் — சுபஸ்ரீ இருக்கிறாள் —

எழுதினதைத் திருப்பிப் படித்தேன். இதை எழுதினவன் ஓட்டும் வண்டியில் என் பெண்டாட்டியை ஏற்றுவேனா? மாட்டேன்.

ஆனாலும் நாளைக்கு டியூட்டி இருக்கிறது. போகப் போகிறேன் என்றுதான் தோன்றுகிறது. என் மேலேயே எனக்குப் பயமாக இருக்கிறது.

20 பிப்ரவரி, வியாழன்

போனேன். குடிக்கவில்லை என்று மெஷினில் ஊதிக் காட்டி, கையெழுத்துப் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தேன். சுபஸ்ரீ கூடவே வந்தாள். எஞ்சின் கிட்டே வந்ததும் நின்றுவிட்டாள். ஏறவில்லை.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? கோவப்படக் கூடாது."

"என்னம்மா?"

"நாலு மாசமா நான் வேணும்னேதான் முந்திக்கிட்டு சொல்றேன். நீங்க லேட்டாதான் பாக்கறீங்க. சில சமயம் பாக்காமயே சொல்றீங்க. எனக்குத் தெரியும் சார்."

பையைக் கீழே வைத்தேன்.

"உங்களப் போட்டுக் குடுக்க மனசு வரல. வேலைக்கு வந்த புதுசுல எல்லாரும் என்னைக் கிண்டல் பண்ணப்ப நீங்க ஒருத்தர்தான் மரியாதையா நடத்துனீங்க. ஆனா பயமா இருக்கு சார். உங்ககூட ஏறும்போதெல்லாம் பாப்பா மொகத்த நெனச்சுக்கிட்டுதான் ஏறறேன். அன்னிக்கு அந்த ஆளு செத்திருந்தா..." அழுதுவிட்டாள். பிளாட்பாரத்தில் ஜனங்கள் பார்த்தார்கள்.

நான் மட்டும் பயந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேனே! இந்தப் பெண் நாலு மாசமாக என் பயத்தையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள். எவ்வளவு பெரிய மடையன் நான்.

"நீ இங்கயே இரும்மா" என்றேன். திரும்பி நடந்தேன். டியூட்டி ஆபீசில் சூப்பர்வைசர் நிமிர்ந்து, "என்ன ஆரோக்கியராஜ், எதையாவது மறந்துட்டீங்களா?" என்றார்.

"என்னால ஓட்ட முடியாது சார். எனக்குக் கண் தெரியல."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. வேறு பைலட்டை ஏற்பாடு பண்ணி வண்டி கிளம்ப இருபத்து மூன்று நிமிஷம் லேட். என் சர்வீஸில் நான் வண்டியை லேட் பண்ணினதே இல்லை.

வீட்டுக்கு வந்து சகாயராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தாள், பிறகு என்ன தோன்றியதோ, வலது பக்கம் மாறி உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

27 பிப்ரவரி

ரன்னிங் வேலைக்கு, அதாவது வண்டி ஓட்டுவதற்கு, அன்ஃபிட். ரயில்வே டாக்டர் கொடுத்த பேப்பரில் பொடி எழுத்தில்தான் போட்டிருந்தார்கள். நன்றாகத் தெரிந்தது.

2 மார்ச், ஞாயிறு

ஸ்ரீரங்கம் போகவில்லை. குரூப்பில் மட்டும் எழுதிவிட்டேன்: அன்றைக்கு அந்த சிக்னல் எனக்கு நிஜமாகவே தெரியவில்லை, இதுதான் காரணம், எல்லோரும் கண்ணைக் காட்டிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் வாசலில் ஸ்ரீரங்கராஜன் சார் நிற்கிறார். ரெண்டு பஸ் மாறி பொன்மலைக்கு வந்திருக்கிறார், இத்தனை வருஷத்தில் முதல் தடவை. "என் வாய்க்கொழுப்பு. யாரை நம்பி ரயில் ஏறறதுன்னு கேட்டேனே, மகாபாவி. நீங்க எழுதினதைப் படிச்சதுலேர்ந்து சாப்பாடு எறங்கலை." நீங்கள் சிரித்திருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது என்றேன். அவரைத் தேற்றுவதற்குச் சொன்னதில்லை, உண்மை அதுதான். சகாயராணி போட்ட காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

18 மே, ஞாயிறு

அரியலூரில் என் தங்கை மகளுக்கு இன்று புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். நானும் சகாயராணியும் ரயிலில் போனோம். முன்னால் எஞ்சினில் சுபஸ்ரீ இருந்தாள், பைலட் வேறு ஒருத்தர். ஏறுவதற்கு முன் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பாப்பா பேச ஆரம்பித்துவிட்டதாம்.

பயணியாகப் போனாலும் ரயிலில் நான் தூங்கினது கிடையாது. எந்த சிக்னல், என்ன வேகம், எங்கே பிரேக் என்று உடம்பு தானாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். பிப்ரவரிக்கு அப்புறம் வீட்டிலும் சரியான தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் ஆரஞ்சு சட்டை வந்துவிடும்.

இன்று ஸ்ரீரங்கம் தாண்டினது ஞாபகம் இருக்கிறது. பிறகு சகாயராணி தோளைத் தட்டினாள். வெளியே பார்த்தால் விருத்தாசலம்.

"அடிப்பாவி, அரியலூர் வந்தப்ப எழுப்ப வேண்டியதுதானே! பூசையே முடிஞ்சிருக்கும்!"

"எழுப்பலாம்னுதான் பாத்தேன். நீங்க கொறட்டை விட்டுக்கிட்டு இருந்தீங்க" என்றாள்.

இறங்கி, திரும்பிப் போகிற வண்டிக்காக ஒன்றரை மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். தங்கை போனில் திட்டு திட்டென்று திட்டினாள்.